ஒரகடம் பஸ்ஸில் போஸ்ட் ராக்

என் வேலையே காதுதான். அசெம்பிளி லைனிலிருந்து முழு வண்டியாக இறங்கும் காரை ரேட்டில் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன். அதற்கென்றே போட்ட பாதை அது. கல் பதித்த தளம், குறுக்கே வரிவரியாக மேடு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் விழுந்தெழும் குழி. ஏசியையும் ரேடியோவையும் அணைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பேசாமல் ஓட்ட வேண்டும். டேஷ்போர்டுக்குள் ஒரு கிளிப் சரியாக உட்காரவில்லை என்றால் ஒரு சிணுங்கல் கேட்கும். வயர் கட்டு தகரத்தில் தட்டினால் அது வேறு சத்தம். டிக்கி லாக் தளர்ந்திருந்தால் இன்னொன்று. எங்கிருந்து வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதி ரீவொர்க்குக்கு அனுப்புவேன்.

நாள் முழுக்க இப்படிச் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்ட பிறகும் எனக்கு இசை வேண்டியிருக்கிறது. தந்தியைத் தட்டியதும் ஒலி எப்படி எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்த ஒலி அதன் மேல் எப்படி வந்து அமர்கிறது என்று நிதானமாகக் கவனிக்க இடம் கொடுக்கும் இசை. அப்படி எனக்கு வாய்த்ததுதான் போஸ்ட் ராக். செம்பரம்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் தாண்டி ஒரகடம் போய்ச் சேரும் வரை அதைத்தான் கேட்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர்களையும் கேட்க வைக்கிறேன்.

ராக் குழுவுக்குரிய அதே கிட்டார், பேஸ், டிரம்ஸ்தான் இதிலும். நடுவில் நின்று பாடுகிறவர் மட்டும் பெரும்பாலும் இருக்கமாட்டார். பல்லவி, சரணம் கிடையாது. நாலைந்து ஸ்வரங்களில் ஒரு சின்ன மெட்டு தொடங்கும். திரும்பத் திரும்ப வரும். சுற்றுக்குச் சுற்று ஏதாவது ஒரு வாத்தியம் கூடும், அல்லது கொஞ்சம் அழுத்தம் ஏறும். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று விரிந்துகொண்டே போகும். 1994இல் பார்க் சைக்கோசிஸ் என்ற லண்டன் குழுவின் 'ஹெக்ஸ்' ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது சைமன் ரெனால்ட்ஸ் என்ற விமர்சகர் இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். இசை அதற்கு முன்பே வந்துவிட்டது. டாக் டாக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' 1988. ஸ்லின்ட் குழுவின் 'ஸ்பைடர்லேண்ட்' 1991. பிறகு கிளாஸ்கோவில் மோக்வாய், மான்ட்ரியலில் காட்ஸ்பீட் யூ பிளாக் எம்பரர், ஐஸ்லாந்தில் சிகுர் ரோஸ், டெக்சாஸில் எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, டோக்கியோவில் மோனோ என்று ஊருக்கு ஊர் முளைத்தது.

பெயர்களை இப்படி வரிசையாகச் சொன்னால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. அதனால் யாருக்கு அறிமுகம் செய்தாலும் நான் கிளாஸ்கோவில் தொடங்குவதில்லை. சென்னையில் தொடங்குகிறேன், மாண்டலின் ஸ்ரீநிவாஸிடமிருந்து.

ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்தவர். சிறுவயதிலேயே சென்னைக்கு வந்து இங்கேயே வாழ்ந்து, 2014 செப்டம்பரில் 45 வயதில் மறைந்தார். அவர் கையில் எடுத்த மாண்டலின் கர்நாடக சங்கீதத்துக்கு ஒத்துவராத கருவி. நாலு ஜோடித் தந்திகள் இருக்கும். மீட்டியதும் நாதம் சட்டென்று அடங்கிவிடும். மேற்கில் அதைச் சமாளிக்க ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். நம் கமகத்துக்கு அது போதாது. ஒரு ஸ்வரத்தில் நின்று, அசைந்து, அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டுமென்றால் நாதம் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளை ஒற்றையாக்கினார். ஐந்தாவதாக ஒரு தந்தியைச் சேர்த்தார். மின்சார மாண்டலினுக்கு மாறினார். நாதம் நின்றது; நின்ற நாதத்தை விரலால் இழுத்து அசைக்க முடிந்தது. 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு வயது 14.

அதே காலத்தில் கனடாக்காரர் மைக்கேல் புரூக் கிட்டாரின் அதே குறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கிட்டார் தந்தியும் அடித்த கணத்திலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். அவர் கண்ட வழி, பிக்கப் எடுக்கிற மின்னலையைப் பெருக்கி, காந்தச் சுருள் வழியாகத் திரும்பவும் அதே தந்திக்கே செலுத்துவது. தந்தியின் அதிர்வே தந்திக்கு ஊட்டமாகிறது. கை எடுத்த பிறகும் அது பாடிக்கொண்டே இருக்கும். 'இன்ஃபினிட் கிட்டார்' என்று பெயர் வைத்தார். 1987இல் வந்த யூ-டூ குழுவின் 'வித் ஆர் வித்தவுட் யூ' பாட்டில் பின்னணியில் நீண்டு இழையும் கிட்டார் ஒலி அந்தக் கருவியுடையதுதான்.

ஸ்ரீநிவாஸும் புரூக்கும் சேர்ந்து செய்த ஆல்பம் 'ட்ரீம்'. பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்ட் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. ஸ்ரீநிவாஸ் மறைந்த செய்தி வந்த அந்த வாரம் அவருடைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டபோது இது என் காதில் விழுந்தது. கச்சேரி மேடையில் அவர் விரல்களின் வேகத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஆல்பம் வேறு ஸ்ரீநிவாஸைக் காட்டும். மாண்டலினைச் சுற்றி நிறைய இடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு அவர் நிறுத்துகிறார். புரூக்கின் கிட்டார் அந்த இடத்தை நிரப்ப அவசரப்படாமல் மெல்ல எழுந்து வருகிறது. இதை போஸ்ட் ராக் அலமாரியில் யாரும் வைப்பதில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அந்த வாசல் வழியாகத்தான் நான் மற்றதையெல்லாம் கண்டுபிடித்தேன். ஆல்பம் உறையில் இருக்கும் இரண்டாவது பெயரைத் தேடிப்போவதுதான் என் வழி. மைக்கேல் புரூக் வேறு யாரோடு வாசித்தார் என்று பார்த்தால் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானோடு 1996இல் 'நைட் சாங்'. இன்னும் பின்னால் போனால் 1985இல் 'ஹைப்ரிட்', அதில் பிரையன் ஈனோவும் டேனியல் லான்வாவும். ஈனோவைப் பிடித்துக்கொண்டால் 1978இல் வந்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்'. செயலிகள் தாமாக நீட்டும் பரிந்துரை ஏற்கெனவே பிடித்ததைப் போலவே இருக்கும் இன்னொன்றைத்தான் தருகிறது. உறையில் அச்சான பெயர்கள் நாம் நினைத்தே பார்க்காத ஊருக்கு அழைத்துப் போகின்றன.

'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' எப்படிச் செய்யப்பட்டது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதன் இரண்டாவது தடத்தில் சில குரல்கள், ஆளுக்கு ஒரே ஸ்வரம். ஒவ்வொன்றையும் தனித்தனி டேப்பில் பதிந்து, டேப்பை வளையமாக ஒட்டி ஓடவிட்டார் ஈனோ. ஒவ்வொரு வளையமும் ஒவ்வொரு நீளம். லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் சைக்கிள் டைம் வேறு வேறாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டு ஸ்டேஷன் ஒரே நேரத்தில் முடிக்கும், அடுத்த முறை ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், முதலில் இருந்த வரிசை லேசில் திரும்பி வராது. புரொடக்ஷனில் அது பெரிய தலைவலி. ஈனோ அதையே இசையாக்கினார். குரல்கள் ஒரு முறை சேர்ந்து விழும், அடுத்த முறை தள்ளித் தள்ளி விழும். காது அதற்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது.

விடாமல் ஒலிக்கும் நாதத்தின் மேல் இசையைக் கட்டும் எண்ணம் மேற்குக்கு நம்மிடமிருந்தும் போயிருக்கிறது. 1950களில் அலி அக்பர் கானின் சரோத் இசைத்தட்டு அமெரிக்காவில் வெளியானது. அதைக் கேட்ட லா மாண்டி யங் என்ற இளம் இசையமைப்பாளர் பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும் தம்புராவில் கட்டுண்டு போனார். 1960களில் நியூயார்க்கில் அவர் அமைத்த குழு ஒரே சுருதியை மணிக்கணக்கில் பிடித்து வாசித்தது. அதில் வயோலா வாசித்த ஜான் கேல் அந்தப் பழக்கத்தை வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவுக்குள் கொண்டுபோனார். அங்கிருந்து அது எத்தனையோ குழுக்களுக்குப் பரவியது. லா மாண்டி யங் பின்னர் கிரானா கரானாவின் பண்டிட் பிரான் நாத்திடம் முறையாகச் சீடராகவும் சேர்ந்தார்.

ஸ்ரீபெரும்புதூரில் சித்திரை மாதம் ராமானுஜர் அவதார உற்சவத்துக்குப் போனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நாகஸ்வரக்காரர் ராகத்தை எடுத்து மெல்ல விரிக்கும்போது, பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் மூச்சு விடுவதே தெரியாமல் ஒரே சுருதியில் ஊதிக்கொண்டிருப்பார். சொல் கிடையாது. தாளம் உடனே வராது. அரை மணி நேரம் ஒரே ராகத்தில் நிற்பதற்கு நம் வீதிகள் ரொம்பக் காலமாகவே பழகியவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைக்காகக் காத்துக்கிடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இருபது நிமிட கிட்டார் இசை நமக்கு நீளம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஆனாலும் கேட்கிறவரின் பழக்கம் தெரிந்து கொடுக்க வேண்டும். எங்கள் பஸ்ஸில் வரும் ஒரு டிரெய்னி பையனுக்கு ஒரு காதில் இயர்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்துவிட்டுக் கேட்டான்: "அண்ணா, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சுப்பா."

"யாரும் பாடலையே?"

அவன் போன் ரிங்டோன் இளையராஜாவின் ஒரு பிஜிஎம். பாட்டு வேறு, பிஜிஎம் வேறு என்று பிரித்து, சொல்லில்லாத அந்தத் துணுக்குகளைத் தனியாக வெட்டிச் சேர்த்துவைத்துக் கேட்கும் பழக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு ஆழமானது என்று நமக்குத் தெரியும். ஆகவே அவனிடம், "இது படம் இல்லாத பிஜிஎம். படத்தை நீயே ஓட்டிக்கோ" என்றேன். டெக்சாஸ் குழுவான எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கையின் 'யுவர் ஹேண்ட் இன் மைன்' எட்டு நிமிடச் சொச்சம்தான். அதைப் போட்டேன். 2003இல் வந்தது. அடுத்த ஆண்டு 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்கு இந்தக் குழுதான் இசை. மூன்று கிட்டார்கள் ஒன்றையொன்று மறைக்காமல் பின்னிப் போகும். பையன் இருங்காட்டுக்கோட்டை வரை பேசவில்லை. அவனுக்கு அடுத்து நான் கொடுத்தது ராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986இல் தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக அவர் செய்த, சொல்லே முக்கியமில்லாத ஆல்பம். நம் வீட்டிலேயே இப்படியொரு கதவு திறந்திருந்தது என்று தெரிந்தால் வெளியே போகும் தயக்கம் குறைந்துவிடுகிறது.

நட்சத்திரம் போட்டு, சிறந்த பத்து என்று பட்டியலிட்டுப் பரிந்துரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த ஷிஃப்ட், எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். விடியலில் ஏ ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு காட்ஸ்பீடின் 'ஸ்டார்ம்'. 22 நிமிடம் ஓடும். அது இடம்பெற்ற, 2000இல் வெளியான இரட்டை ஆல்பத்தில் நான்கே தடங்கள், மொத்தம் 87 நிமிடம். அப்போது ஒன்பது பேர் கொண்ட குழு. வயலினும் செல்லோவும் உண்டு, டிரம்ஸ் இரண்டு. தூங்கி வழியும் பஸ்ஸில் அந்த முதல் கிட்டார் மெட்டின் மேல் ஒவ்வொருவராக வந்து சேரச் சேர ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். பி ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்புகிறவருக்கு சிகுர் ரோஸின் 1999 ஆல்பம் 'அகைடிஸ் பிர்யுன்'. சி ஷிஃப்ட் முடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தூங்கியாக வேண்டியவருக்கு ஈனோ. ஓவர்டைம் பார்த்துக் கை கால் கடுக்க வருகிறவரிடம் எதையும் நீட்டமாட்டேன். அவருக்குத் தேவை ஜன்னல் சீட்.

டாக் டாக்கை மட்டும் பஸ்ஸுக்குத் தரமாட்டேன். 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. பாட்டு ஹிட்டாகி வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்த குழு அது. அதன் தலைவர் மார்க் ஹாலிஸ் அந்த வழியை விட்டுவிட்டு, லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் ஏறக்குறைய இருட்டில் உட்காரவைத்துக் கலைஞர்களை மாதக்கணக்கில் வாசிக்கச் சொல்லி, அதிலிருந்து சிறுசிறு பகுதிகளை மட்டும் எடுத்து ஆல்பத்தைக் கோத்தார். விற்கவில்லை. ஆனால் பின்னால் வந்த குழுக்கள் இதிலிருந்துதான் பாடம் படித்தன. இதில் அமைதியான இடங்கள் அதிகம். பஸ் இன்ஜின் அவற்றை விழுங்கிவிடும். இதை நான் ஓய்வு நாளில் ஏரிக்கரையில் கேட்பேன். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு என்று செம்பரம்பாக்கம் ஏரியைச் செய்தியில் எண்ணிக்கையாகத்தான் எல்லோரும் அறிவார்கள். அதன் கரையில் அதிகாலையில் ஹைவே லாரி சத்தம்கூடத் தூரத்து இரைச்சலாக அடங்கிவிடும். ஒரு ட்ரம்பெட் எங்கோ தொடங்கி நிற்கிற இடத்தை இங்கேதான் முழுதாகக் கேட்க முடியும்.

காதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இது என் தொழிலும்கூட. இந்த இசையின் பெரும்பகுதி மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்கு ஏறுவது. பஸ்ஸில் மெதுவான பகுதி கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றிவைத்தால், உச்சம் வரும்போது காதில் அறைந்தாற்போல் விழும். மோக்வாயின் 'மோக்வாய் ஃபியர் சேட்டன்' 16 நிமிடம்; அதில் சத்தம் எழும்பும் இடத்தை அறியாமல் கேட்டால் பதறிப்போவீர்கள். தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் நிற்கலாம். 95 ஆனால் நாலு மணி நேரம், 100 ஆனால் இரண்டு. பிரெஸ் ஷாப்பில் இயர் பிளக் மாட்டிக் காப்பாற்றிய காதைத் திரும்பும் வழியில் இயர்போனால் கெடுத்துக்கொள்ளக் கூடாது. காதை அடைத்து உட்காரும் ரப்பர் முனை இயர்போன் வாங்குங்கள். வெளிச் சத்தம் குறைந்தால் குறைந்த வால்யூமே போதும். உச்சம் எங்கே என்று முதல் தடவை வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தொழிற்பட்டையில் இந்த இசைக்கு வேறு ஒரு வேலையும் இருக்கிறது. ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் ஒடிசா, பீகார், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் என்று பல ஊர்ப் பிள்ளைகள். ஒரே ஷிஃப்டில் தோளோடு தோள் நிற்கிறோம். பாட்டு என்று வந்தால் ஆளுக்கு ஒரு போனோடு ஒதுங்கிவிடுகிறோம். தமிழ்ப் பாட்டு போட்டால் அவர்களுக்குப் புரியாது, ஒடியா பாட்டு போட்டால் எனக்குப் புரியாது, கடைசியில் எல்லோரும் ஹிந்தி சினிமாவில் சமாதானம் ஆகிவிடுவோம். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது ஒடிசாக்காரர் ஒருவர் என் போனில் ஓடிக்கொண்டிருந்த சிகுர் ரோஸைக் கேட்டுவிட்டு இது எந்த மொழி என்றார். எந்த மொழியும் இல்லை என்றேன். 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆல்பத்துக்குப் பெயரே கிடையாது, வெறும் அடைப்புக்குறி இரண்டு. தடங்களுக்கும் பெயர் வைக்கவில்லை. பாடகர் யோன்சி அர்த்தமில்லாத அசைகளை, ஆலாபனையில் வரும் அசைகளைப் போலவே, பாடிக்கொண்டு போகிறார். கிட்டாரைச் செல்லோ வில்லால் இழுத்து நாதத்தை நீட்டுகிறார். அந்த இசைக்கு முன்னால் நானும் அந்த ஒடிசாக்காரரும் சமம். அவருக்குப் புரியாதது எனக்கும் புரியாது, எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு சம்பல்புரி தாள வாத்தியப் பதிவுகளை அனுப்புகிறார். நான் அவருக்கு இவற்றை அனுப்புகிறேன்.

இந்தியக் குழுக்களையும் சொல்ல வேண்டும். அகமதாபாத்தில் தொடங்கிய 'ஆஸ் வி கீப் சர்ச்சிங்' குழுவின் 'க்வாப்' 2015இல் வந்தது, 'ஜியா' 2017இல், 'ரூஹ்' 2019இல். உத்திபன் சர்மா கிட்டாரோடு அளவாகச் சில ஹிந்தி வரிகளையும் பாடுவார். அந்த வரிகள்கூட இன்னொரு வாத்தியம் போலத்தான் வந்து கலக்கும். சென்னையில் 'ஜடாயு' குழு கர்நாடக ராகங்களை ஜாஸோடும் ராக்கோடும் சேர்த்து, பாடகர் இல்லாமல் வாசிக்கிறது. அவர்கள் தாளக்கட்டு போஸ்ட் ராக்கைவிடச் சுறுசுறுப்பானது. ஆனால் கிட்டாரில் கமகம் எப்படி உட்காருகிறது என்று நேரில் பார்க்க இவர்கள் கச்சேரிதான் சரி. வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. மெதுவாகத் தொடங்கு, ஏற்று, உச்சத்தில் எல்லோரும் சேர்ந்து அடி, மெதுவாக முடி என்ற ஒரே அச்சில் வார்த்த இசை இன்று நிறைய வந்துவிட்டது. முதல் இரண்டு நிமிடத்திலேயே எங்கே வெடிக்கும் என்று சொல்லிவிடலாம். மோக்வாய் போன்றவர்கள் இதிலிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்ததால்தான் 2021இல் அவர்கள் ஆல்பம் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைத் தொட்டபோதும் அலுக்காமல் இருந்தது. உச்சத்துக்காகக் காத்திருக்கும் பழக்கம் வந்துவிட்டால் நடுவில் நடப்பதெல்லாம் காதில் விழாமல் போய்விடும். ஒரு குழுவை எடைபோட வேண்டுமென்றால் அதன் மெதுவான நடுப்பகுதியைக் கேளுங்கள். அங்கே ஒரு ஸ்வரத்தைத் தாங்கிப் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தவர்கள் எங்கும் கைவிடமாட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்க நினைப்பவர்கள் 'ட்ரீம்' கேளுங்கள். போனில் ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் தடத்திலிருந்து வரிசையாக. கேட்டு முடித்ததும் நுஸ்ரத்தின் 'நைட் சாங்' போடுங்கள். புரூக்கின் அதே கை அங்கே ஒரு கவ்வாலிக் குரலுக்கு எப்படி இடம் விடுகிறது என்று தெரியும். அதற்கடுத்து எங்கே போவது என்பதை அந்த உறைகளில் இருக்கும் மற்ற பெயர்கள் சொல்லும்.